மண்ணாய்ப் போன வெல்லம்

காலை ஏழரை மணிக்கு ஒரு மனிதனை வெண்ணெய் தோசைக்கு முன்னாலிருந்து எழுப்பி இழுத்துக்கொண்டு போவது பாவம் என்பது ஈரண்ணாவின் தீர்மானமான அபிப்பிராயம். நீலாம்பிகா ஹிரேமட் அந்தப் பாவத்தைக் கொஞ்சமும் கூசாமல் செய்தாள்.

"அக்கா, இன்னும் ரெண்டே ரெண்டு விள்ளல்!"

"நாலு மணிக்கு ஒரு மருந்தைக் கொல்லப் போறாங்க ஈரண்ணா. எந்திரி."

"நாலு மணிக்குத்தானே? தோசை இப்பவே ஆறிக்கிட்டிருக்கு."

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். ஐம்பத்திரண்டு வயது, ஹூப்ளிக்காரி. இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்கிறவர்களைக் கண்டுபிடித்து, அலுத்துப்போய்ச் சொந்தமாகத் துப்பறிய வந்தவள். ஈரண்ணா அதற்கு முன் பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவன் எந்த சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பான் என்பது அவனுக்கு அத்துப்படி. அந்த ஒரு திறமைக்காகத்தான் அவனுடைய வாயைப் பொறுத்துக்கொள்கிறேன் என்று நீலாம்பிகா சொல்வாள்.

கடைசி விள்ளலை நின்றபடியே வாயில் திணித்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினான்.

*

டாக்டர் அங்கடி இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை. மார்பு நோய் மையத்தின் மாடியில் அவருடைய அறை முழுக்கக் காகிதம்.

"நாற்பது பேருங்க. எல்லாரும் நம்ம மண்டக்கி பட்டி ஆளுங்க" என்றார்.

தாவணகெரேயில் பொரிக்கு மண்டக்கி என்று பேர், அதை வறுக்கிற உலைக்கூடத்துக்குப் பட்டி. உமியும் பழைய டயரும் போட்டு எரிக்கிறார்கள். உலை முன்னால் பத்து வருஷம் நின்றவனுக்கு மாடிப்படி ஏற மூச்சு இருக்காது, இருபது வருஷம் நின்றவனுக்குப் படுத்துத் தூங்கவே மூச்சு இருக்காது. பணமில்லாதவர்களுக்கு வருகிற நோய்க்கு மருந்து தேட எந்தக் கம்பெனிக்கு ஆசை வரும்? அங்கடி தானே தேடினார். எட்டு வருஷத்தில் மாத்திரைக் கூடு ஒன்றில் அடைத்த பொடி ஒன்றைக் கண்டுபிடித்தார். கூட்டை ஒரு குழலில் போட்டு உடைத்து, வாயால் உள்ளிழுக்க வேண்டும். தினம் ஒன்று.

"இருபது பேருக்கு மருந்து. இருபது பேருக்கு வெறும் பால்சர்க்கரை. டப்பா மேல ஒண்ணுலேருந்து நாற்பது வரைக்கும் நம்பர் மட்டும்தான். எது மருந்து, எது சர்க்கரைன்னு எனக்கும் தெரியாது, சிஸ்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. பட்டியல் பெங்களூர்ல, சீல் வச்ச கவர்ல."

"அதை யார் பாத்தது?"

"மேற்பார்வைக் குழு. ஆறு மாசம் முடிஞ்சதும் பாத்தாங்க. ரெண்டு கூட்டத்துக்கும் துளி வித்தியாசம் இல்லையாம். இன்னைக்கு நாலு மணிக்குக் கூடி மொத்தமா மூடுறாங்க."

"வித்தியாசம் இல்லேன்னா மருந்துதானே சரியில்லை? அதுக்குத் துப்பறியறவங்க எதுக்கு டாக்டர்?" என்றான் ஈரண்ணா.

அங்கடி அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். பிறகு மேஜையிலிருந்த காகிதங்களை எடுத்துத் தரையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். நாற்பது வரைபடங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் கருவியில் ஊதிக் காட்டிய மூச்சின் அளவு.

"மருந்து சரியில்லேன்னா கோடு கீழ போகணும். இங்க பாருங்க, ஏறுது. ரெண்டு வாரம் கழிச்சு இறங்குது. மறுபடி ஏறுது. யாரோ டப்பாவை மாத்துறாங்க மேடம். பெரிய கம்பெனி ஒண்ணு என் மருந்தை விலைக்குக் கேட்டுது, மாட்டேன்னேன். அவங்க இங்க யாரையோ பிடிச்சிருக்காங்க."

நீலாம்பிகா செருப்பைக் கழற்றிவிட்டுக் காகிதங்களுக்கு நடுவே நடந்தாள். குனிந்து குனிந்து பார்த்தாள். வாய் எண்ணிக்கொண்டே இருந்தது.

"டப்பா வச்சிருக்கற அறைச் சாவி?"

"சிஸ்டர் தேவிரம்மாகிட்ட. நம்பகமான பொண்ணு." சொல்லிவிட்டு அவரே தயங்கினார். "அப்படித்தான் நினைச்சிருந்தேன்."

"காலிக் கூடெல்லாம் திரும்ப வருதா?"

"ஒண்ணுகூடக் குறையாம வருது."

"ஆறு மாசத்துல நாற்பது பேர்ல ஒருத்தர்கூட ஒரு நாள்கூட மறக்கலையா?"

"எங்க வீட்டுல நாலு பேரு, நாலு பேரும் ஒரே நாள் பல்லு விளக்கினதா சரித்திரமே இல்லை" என்றான் ஈரண்ணா.

நீலாம்பிகா நிமிர்ந்தாள். முகத்தில் அவளுடைய பழைய இன்சூரன்ஸ் சந்தேகம் வந்துவிட்டிருந்தது. "டாக்டர், பன்னிரண்டு தடவை டப்பா கொடுத்திருக்கீங்க. ஒவ்வொருத்தருக்கும் எத்தனை ஏற்றம்னு எண்ணினீங்களா?"

"இல்லை."

"ஆறு. எல்லாருக்கும் ஆறு. ஒருத்தருக்குக்கூட ஏழு இல்லை, அஞ்சு இல்லை. மருந்தைக் கெடுக்க வந்தவன் இஷ்டத்துக்கு மாத்துவான். இவன் தராசு வச்சுப் பங்கு போட்டிருக்கான். திருடனுக்கு எதுக்கு இவ்வளவு நியாயம்?"

அங்கடி குனிந்து பக்கத்துத் தாளில் எண்ணிப் பார்த்தார்.

"ஒரே ஒரு ஆள் மட்டும் விலக்கு." அவள் கால்விரலால் ஒரு தாளைத் தொட்டுக் காட்டினாள். "பதினேழாம் நம்பர். ஒரு ஏற்றம்கூட இல்லை. இறங்கிக்கிட்டே போகுது. யார் இது?"

"பேரைச் சொல்லக் கூடாது மேடம், விதி. நம்பர்தான்."

"சரி. யாரையாவது சேர்க்காம அனுப்பினீங்களா?"

"ஒருத்தரை. கருவியில முதல் கோட்டைத் தாண்ட அவரால ஊத முடியலை. அந்த அளவு கெட்டவங்களைச் சேர்க்கக் கூடாது. மருந்தே ஆளைக் கொன்னாலும் கொன்னுடும்." அவர் குரல் தணிந்தது. "மூணு மாசம்னு எழுதினேன். இந்நேரம் போயிருப்பார்."

கதவு தட்டப்பட்டது. சிஸ்டர் தேவிரம்மா எட்டிப் பார்த்தாள். முப்பது வயது, ஒல்லியான முகம். "டாக்டர், இன்னைக்கு டப்பா எல்லாம் கொடுத்தாச்சு. நான் ஒரு மணி நேரம் வெளில போயிட்டு வந்துடறேன்."

அவள் கையில் ஒரு துணிப்பை. ஈரண்ணா பார்த்ததும் அது முந்தானைக்குள் போயிற்று. பார்வை ஜன்னலுக்கு வெளியே போயிற்று.

அவள் போனதும் ஈரண்ணா மெல்லச் சொன்னான்: "அக்கா, டிக்கெட் எடுக்காத கேஸு."

*

சிஸ்டர் போன ஆட்டோவை இன்னொரு ஆட்டோவில் விரட்டினார்கள். பட்டிகள் இருக்கும் பக்கம் திரும்பும்போதே வானம் புகையில் கறுத்துவிட்டது. சந்து முனையில் ஆட்டோக்காரன் நிறுத்திவிட்டான். உள்ளே போனால் மூன்று நாளைக்கு இருமுவேன் என்றான்.

இரண்டு பக்கமும் தகரக் கூரை, நடுவில் சாம்பல். ஐம்பதடி நடப்பதற்குள் ஈரண்ணாவுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் உமி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த ஓர் ஆள் அவனைத் தாண்டிப் போய், நின்று, திரும்பிப் பார்த்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். நெற்றியில் விபூதிக் கீற்று வியர்வையில் கரைந்திருந்தது.

"என்ன சாமி, வெறுங்கையோட வந்துட்டு இப்படி இரைக்குது? மூட்டை மேல ஏறி உக்காந்துக்கறீங்களா?"

"நீ ஒரு மூட்டைதானே தூக்குவே? நான் ரெண்டு மூட்டை கனம்" என்றான் ஈரண்ணா.

அந்த ஆள் சிரித்துக்கொண்டே போய்விட்டான். நீலாம்பிகா அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஈரண்ணா அவள் கையைத் தொட்டு, எதிர்க் கூடத்தைக் காட்டினான்.

உமிக் குவியலுக்குப் பின்னால் சிஸ்டர் நின்றிருந்தாள். அவளுக்கு எதிரில் ஒரு நடுத்தர வயதுப் பெண், பச்சை முக்காடு, கையெல்லாம் கரி. துணிப்பை கைமாறியது.

ஈரண்ணாவின் உடம்புக்கு அப்படி ஒரு பாய்ச்சல் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அவன் உள்பட. பையைப் பிடுங்கிக் கவிழ்த்தான்.

உமியின்மேல் ஓர் அச்சு வெல்லம் விழுந்து உருண்டது.

சிஸ்டர் அழ ஆரம்பித்துவிட்டாள். "டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க. நோயாளிங்களுக்கு நாங்க எதுவும் தரக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. வேலை போயிடும்."

"வெல்லத்தையா ஒளிச்சு எடுத்துட்டு வந்தே?"

"எங்கப்பா இதே சந்துல உலைக்கு உமி தள்ளினவர். புகைக்கு வெல்லம் ஒதுக்கிக்கிட்டாத்தான் தொண்டை கொஞ்சம் இளகும். இவங்க எல்லாருக்கும் அது பழக்கம். திங்கக்கிழமை திங்கக்கிழமை ஒரு அச்சு கொண்டுவந்து இந்த சாச்சிகிட்ட, எனக்குச் சித்தி மாதிரி, கொடுப்பேன். வேற ஒண்ணுமில்லை, சத்தியமா."

முக்காடு போட்ட பெண் வெல்லத்தை எடுத்து, ஒட்டியிருந்த உமியை ஊதினாள். ஊத வந்த காற்று பாதியில் நின்றுவிட்டது. கையால் தட்டிவிட்டாள்.

"பொண்ணை எதுக்கு அழ வைக்கறீங்க?" என்றாள். மூன்று வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தினாள். "என் பேரு ஹுசேன்பி. இந்த வரிசைக்கு... நான்தான் மேஸ்திரி. எதுன்னாலும் என்னைக் கேளுங்க."

ஈரண்ணா சிஸ்டரின் முகத்தைப் பார்த்தான். இப்போது அவள் ஜன்னல் தேடவில்லை, நேராக அவனைப் பார்த்தாள். டிக்கெட் எடுத்தவள்தான். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதற்குள் முதல் வறுவல் முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். காலையில் வாங்கிய டப்பாக்கள் வந்தன. ஆளுக்கு ஒரு கூடு, குழலில் போட்டு, உடைத்து, ஓர் இழுப்பு. ஹுசேன்பி வெல்லத்தை உடைத்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

முதல் ஆள் வாயில் போட்டு முகத்தைச் சுளித்தான். "மண்ணு!"

எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி அவன் முதுகில் தட்டினாள்.

இரண்டாவது ஆள் பேசாமல் சப்பினான். மூன்றாவது ஒரு கிழவி. "மண்ணு! மண்ணு!" என்று கையை ஆட்டிக்கொண்டு கத்தினாள், பேரன் பிறந்த செய்தி வந்தவளைப் போல.

"பாத்தீங்களா?" என்று சிஸ்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எப்பவும் இப்படித்தான். வெல்லம் நல்லால்லையோன்னு நானும் மூணு கடை மாத்திட்டேன்."

ஈரண்ணாவுக்கு வெல்லம் என்று ஒன்று கண்முன் இருந்தால் அது நல்லதா கெட்டதா என்பதைத் தானே தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. அதே அச்சிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"எப்படி?" என்றாள் நீலாம்பிகா.

"அருமையான வெல்லம்கா. இதைப் போய் மண்ணுங்கறாங்க, நாக்கைப் புகை தின்னுடுச்சுபோல."

"நாக்கைப் புகை தின்னிருந்தா எல்லார் நாக்கையும்தான் தின்னிருக்கணும். பாதிப் பேருக்கு மட்டும் எப்படி மண்ணாச்சு?"

ஈரண்ணா சப்புவதை நிறுத்தினான்.

"பொடியை இழுத்ததுக்கு அப்புறம்தான் மண்ணாகுது. மருந்துப் பொடி நாக்குல இனிப்பைக் கொல்லுது. சர்க்கரைப் பொடி கொல்லாது. டாக்டர் லேப்ல யாரும் மருந்தை இழுத்துட்டு வெல்லம் தின்னு பாத்திருக்க மாட்டாங்க. இவங்க பாத்துட்டாங்க." அவள் ஹுசேன்பியைப் பார்த்துத் திரும்பினாள். "எந்த டப்பால மருந்து இருக்குன்னு உங்களுக்கு முதல் வாரத்துலேயே தெரியும். இல்லையா?"

சிரிப்பு நின்றது. உலை மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"தெரியும்" என்றாள் ஹுசேன்பி.

"மாத்தினது யார்?"

"நான்தான்."

*

கூடத்தின் பின்சுவரில் கரியால் கட்டம் கட்டமாக எழுதியிருந்தது. இடது பக்கம் பேர்கள். ஒவ்வொரு பேருக்கும் எதிரே கோடுகளும் வட்டங்களும்.

"கோடு, நெருப்பு முறை" என்று ஹுசேன்பி காட்டினாள். "உலை வாய்க்கு முன்னாடி... ஒரே ஆளை நிக்க வச்சா செத்துடுவான். அதனால பாளி, முறை மாத்தி முறை. இன்னைக்கு நீ நெருப்பு, நான் சல்லடை. நாளைக்கு நான் நெருப்பு. என் மாமியார் காலத்துலேருந்து இப்படித்தான்."

"வட்டம்?"

"மருந்துப் பாளி."

ஈரண்ணா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்டக்டர் வேலை போனாலும் தலை எண்ணுகிற பழக்கம் போகவில்லை. மேலிருந்து கீழே விரலை ஓட்டி எண்ணினான். மறுபடி எண்ணினான். நீலாம்பிகாவின் காதில் ஏதோ சொன்னான்.

"இப்ப வேண்டாம். முதல்ல டாக்டரைக் கூப்பிடு. அந்த நாற்பது தாளையும் எடுத்துட்டு வரச் சொல்லு" என்றாள் அவள்.

உள்நோயாளிகளைப் பார்த்து முடித்து அங்கடி வரும்போது மணி இரண்டரை. விஷயத்தைக் கேட்டதும் அவர் அங்கேயே ஒரு சாக்குமேல் உட்கார்ந்துவிட்டார்.

"எட்டு வருஷம்" என்றார். "என் வயசைப் போட்டு செஞ்சேம்மா. ஒரு கம்பெனிக்காரன் கெடுத்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். நீங்களே கெடுத்துட்டீங்களே! கையெழுத்துப் போட்டீங்க இல்லையா? டப்பாவை மாத்திக்கக் கூடாதுன்னு அதுல இருக்கே!"

"நாலாம் பக்கத்துல இருக்கு சாச்சி" என்றாள் சிஸ்டர் மெதுவாக.

"நாலாம் பக்கம் படிக்கறப்ப... உலை பொங்கிடுச்சு. எந்திரிச்சுப் போயிட்டோம்." ஹுசேன்பி சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். "ரெண்டாம் பக்கம் கேட்டேன். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் பொடி. சீட்டுக் குலுக்கிப் போடுவோம்னு இருந்துச்சு. ஒரு வருஷம் அப்படியேன்னும் இருந்துச்சு. ஏன் டாக்டரே, உங்க வீட்டுல ரெண்டு புள்ளைக்குக் காய்ச்சல்னா... சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒண்ணுக்கு மட்டும் மருந்து தருவீங்களா?"

"அது வேற, இது வேற!"

"எங்களுக்கு ஒண்ணுதான். நெருப்பைப் பங்கு போட்டுக்கறோம். மருந்தைப் பங்கு போட மாட்டோமா?"

அங்கடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீலாம்பிகா குறுக்கே வந்தாள்.

"டாக்டர், கத்துறதுக்கு நாலு மணிக்கு மேல நிறைய நேரம் இருக்கு. அந்தத் தாள்ல ஒண்ணை எடுங்க. எதுன்னாலும் சரி."

அவர் வேண்டாவெறுப்பாக ஒன்றை உருவினார். இருபத்தெட்டாம் நம்பர்.

"சாச்சி, இருபத்தெட்டு யாரு?"

"நன்னேசாப்."

"ஈரண்ணா, நன்னேசாப் வரிசையைப் படி."

"முதல் தடவை வட்டம். அப்புறம் இல்லை. அப்புறம் இல்லை. வட்டம். வட்டம். இல்லை..."

அங்கடியின் விரல் தாளில் நகர்ந்துகொண்டே வந்தது. ஏற்றம். இறக்கம். இறக்கம். ஏற்றம். ஏற்றம். இறக்கம். அடுத்த தாளை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். ஈரண்ணா படித்துக்கொண்டே இருந்தான். எங்கெல்லாம் சுவரில் வட்டமோ அங்கெல்லாம் தாளில் மூச்சு ஏறியிருந்தது.

"குழு ரெண்டு கூட்டமா பிரிச்சுப் பாத்துச்சு" என்றாள் நீலாம்பிகா. "ரெண்டு கூட்டமும் மருந்தைச் சரிபாதி தின்னிருக்கு. வித்தியாசம் எப்படித் தெரியும்? ஆளாளுக்குப் பிரிச்சுப் பாத்திருந்தா..."

"வேலை செய்யுது" என்றார் அங்கடி. குரல் உடைந்துவிட்டது. பெரிய மனிதர், சாக்குமேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "வேலை செய்யுது மேடம்!"

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? பெங்களூருக்குச் சொல்லுங்க."

*

நாலு மணிக்கு அந்தச் சுவருக்கு எதிரே போனை ஒரு மூட்டைமேல் நிறுத்தி வைத்தார்கள். குழுத் தலைவி வயதானவர், கண்டிப்பான குரல். அங்கடி சொன்னதையெல்லாம் கேட்டார். சுவரின் படத்தைப் பார்த்தார்.

"டாக்டர் அங்கடி, மூடப் போறோம்னு சொன்ன அன்னைக்கு ஒரு கரிச் சுவர் கிடைக்குது. நேத்து ராத்திரி எழுதின கரி இல்லேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சந்தேகம் நியாயமானதுதான். நீலாம்பிகாவே அந்த நாற்காலியில் இருந்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்பாள். ஈரண்ணா அங்கடியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"அம்மா, வணக்கம். சீல் வச்ச கவர் உங்ககிட்டதானே இருக்கு? எந்த இருபது டப்பால மருந்துன்னு டாக்டருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இந்தம்மா சொல்லட்டும், நீங்க சரிபாருங்க. பரிசோதகர் ஏறினா டிக்கெட்டைக் கேட்பாரு, கண்டக்டரோட மூஞ்சியையா பாப்பாரு?"

போனில் காகிதம் சரசரத்தது. "சொல்லச் சொல்லுங்க."

ஹுசேன்பி போனுக்கு முன்னால் வந்து நின்றாள். சுவரைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு மூச்சு. மூணு. நாலு. எட்டு. பதினொண்ணு. பதினாலு. சில நம்பருக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. யாரும் அவளுக்கு எடுத்துக் கொடுக்கவில்லை, உலைக்கு உமி தள்ளுகிறவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். கடைசி நம்பரைச் சொல்லி முடித்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

பெங்களூரில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"இருபதும் சரி" என்றார் தலைவி. குரலில் இருந்த கண்டிப்பு போய்விட்டது. "இதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"வெல்லம் தின்னும்மா" என்றான் ஈரண்ணா.

அரை மணி நேரம் அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு தீர்ப்பு வந்தது. மூடவில்லை. ஆனால் விதி மீறிய சோதனையை அப்படியே ஏற்கவும் முடியாது. புதிதாகத் தொடங்க வேண்டும், இந்த முறை எல்லாருக்கும் மாறி மாறி, பாளி வைத்தே. அது தொடங்கும்வரை சேர்ந்திருக்கிற எல்லாருக்கும் மருந்தே கொடுக்கலாம், டாக்டரின் கண்முன்னால்.

"எல்லாருக்கும்னா நாற்பது பேருக்கு" என்றார் அங்கடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அங்கதான் இடிக்குது டாக்டர்" என்றான் ஈரண்ணா. "நான் ரெண்டு தடவை எண்ணிட்டேன். உங்க வண்டில நாற்பது டிக்கெட்டு. சுவர்ல நாற்பத்தொரு தலை."

ஹுசேன்பி எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

நீலாம்பிகா சுவரின் பக்கம் போனாள். நடுவில் ஒரு பேரைத் தொட்டாள். அதற்கு எதிரே நெருப்புக் கோடுகள் நிறைய இருந்தன, வட்டம் ஒன்றுகூட இல்லை. "பதினேழாம் நம்பர். ஹுசேன்பி. அவங்க முறையிலே ஆறு தடவை மருந்து வந்திருக்கணும். வரலை." விரலைக் கீழே இறக்கினாள். கடைசியில், கட்டத்துக்கு வெளியே நெருக்கி எழுதிய ஒரு பேர். அதற்கெதிரே ஆறு வட்டம். "இங்க போயிருக்கு. யார் இந்த ஃபகீரப்பா?"

அங்கடி திடுக்கிட்டு எழுந்தார். "ஃபகீரப்பாவா? அவரை நான் திருப்பி..."

"அனுப்பினீங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

காலையில் உமி மூட்டை சுமந்து வந்த ஆள்தான். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டான். "மூணு மாசம்னு எழுதினீங்க டாக்டரே. அன்னைக்கு என்னைக் கட்டில்ல தூக்கிட்டு வந்தாங்க. இன்னைக்கு ஆறு மாசம் ஆச்சு."

டாக்டர் அவனைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கோபமாக ஹுசேன்பியிடம் திரும்பினார். "இவரை இது கொன்னிருக்கும்! தெரியுமா உனக்கு? அதுக்குத்தான் விதி!"

"தெரியும். சொன்னீங்க." அவள் தரையைப் பார்த்தாள். "மருந்து இல்லேன்னாலும் செத்துடுவான்னும் சொன்னீங்க. எந்த சாவுன்னு அவனையே கேட்டேன். மருந்துச் சாவே போதும்னான். அவனுக்கு டப்பா கிடையாது. மத்தவங்க முறையை எடுத்துக் கொடுக்க... நான் யாரு? என் முறை என்னுது. அதைக் கொடுத்தேன்."

"ஏன் சாச்சி, எங்கிட்டகூட சொல்லலையே!" என்று சிஸ்டர் அழுதாள். காலையில் அழுததைவிட இது பெரிய அழுகை.

ஈரண்ணா சிஸ்டரை ஒரு மூட்டைமேல் உட்காரவைத்தான்.

அங்கடி மருந்து இருக்கிற மூன்றாம் நம்பர் டப்பாவைக் கேட்டு வாங்கினார். ஒரு கூட்டைத் தானே குழலில் போட்டு உடைத்தார். ஹுசேன்பிக்கு முன்னால் சாம்பலில் மண்டியிட்டு உட்கார்ந்து குழலை நீட்டினார்.

"இழும்மா. நல்லா உள்ள இழு."

அவள் சுற்றிலும் பார்த்தாள். எல்லாரும் உலையை விட்டுவிட்டு வந்து நின்றிருந்தார்கள். குழலை வாயில் வைத்துத் தன்னால் முடிந்தவரை இழுத்தாள். இருமினாள். ஃபகீரப்பா கரித்துண்டு ஒன்றை எடுத்து, அவளுடைய முதல் வட்டத்தைப் போடச் சுவரருகே போய்க் காத்து நின்றான்.

ஈரண்ணா அச்சிலிருந்து பெரிதாக ஒரு துண்டு வெல்லம் உடைத்து அவளிடம் கொடுத்தான். அவள் அதை வாயில் போட்டுக்கொண்டாள். மெதுவாகச் சப்பினாள். ஒருவரும் அசையவில்லை.

ஆறு மாதமாக இனித்துக்கொண்டே இருந்த வாய். முகம் சுளித்தது. கண்ணில் நீர் முட்டியது.

"மண்ணு" என்றாள் ஹுசேன்பி.